உங்கள் ரத்தத்தின் வயது என்ன?

எங்கள் ஊருக்கே முதுமை என்றுதான் பெயர். விருத்தாசலம் என்றால் பழைய மலை. தமிழில் திருமுதுகுன்றம். சுவாமி பழமலைநாதர்; அம்பாள் விருத்தாம்பிகை, அதாவது கிழவி! குரு நமசிவாயர் சிதம்பரம் போகிற வழியில் இங்கே தங்கினாராம். நல்ல பசி. அம்பாளைக் கிழவியாக விளித்துச் சோறு கேட்டுப் பாடினார். அம்பாள் தள்ளாத கிழவியாகவே எதிரில் வந்து, "கிழவியால் எப்படியப்பா சோறும் தண்ணியும் சுமந்து வர முடியும்?" என்று கேட்டாளாம். அவர் உடனே இளையவளாகப் பாட, அம்பாள் இளம் பெண்ணாக வந்து அமுது படைத்தாளாம். அதனால்தான் இங்கே இளைய நாயகி பாலாம்பிகைக்கும் ஒரு சந்நிதி இருக்கிறது.

ஒரே அம்பாள், கிழவியும் அவளே, குமரியும் அவளே. கதைதானே என்று நினைக்க வேண்டாம். நம் ரத்தத்தில் ஓடுகிற ஒரு பொருள் கிட்டத்தட்ட இந்த மாதிரியே வயதுக்குத் தக்கபடி கோலம் மாற்றிக்கொள்கிறது. அதிலும் பெண்களின் உடம்பில் அது காட்டுகிற மாற்றம் ஆண்களிடம் இல்லாத மாற்றம். கர்ப்பத்தில் ஒரு விதம், பிள்ளை பெற்ற பின் ஒரு விதம், மாதவிலக்கு நிற்கிற வயதில் இன்னொரு விதம். என் நாத்தனார் மகள் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். லீவுக்கு வந்திருந்தபோது, வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அத்தை, ரத்தத்துக்கும் ஒரு வயசு உண்டு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அன்று பிடித்த ஆர்வம், இரண்டு வருஷமாக அவளை நச்சரித்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

இது காப்பிச் சர்க்கரை இல்லை

சர்க்கரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நீரிழிவு. 'மூன்று மாதச் சராசரி' என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்களே, எச்.பி.ஏ.1.சி., அதில் ரத்தத்தில் அதிகமாகிவிட்ட குளுக்கோஸ், சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. வெல்லப்பாகு சிந்தின இடத்தில் தூசி ஒட்டுகிற மாதிரி. யாரும் ஒட்ட வைப்பதில்லை.

நான் சொல்ல வந்த சர்க்கரை வேறே. இது உடம்பின் செல்களே அளவு பார்த்து, ஒவ்வொரு மணியாகக் கோத்து, புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தைத்து அனுப்புகிற சர்க்கரை. அந்த வேலைக்கென்றே செல்லுக்குள் என்சைம்கள் இருக்கின்றன. நீங்கள் காப்பிக்கு இரண்டு ஸ்பூன் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, இந்தத் தையல் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இப்படித் தைத்த சர்க்கரைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. ரத்த குரூப்! சிவப்பணுவின் மேல் இருக்கிற சர்க்கரைச் சங்கிலியின் கடைசி மணி ஒரு விதமாக இருந்தால் 'ஏ' குரூப். அந்த இடத்தில் காலக்டோஸ் இருந்தால் 'பி' குரூப். இரண்டும் இல்லாவிட்டால் 'ஓ'. ஒரே ஒரு மணி வித்தியாசத்துக்குத்தான் ரத்தம் சேரும், சேராது என்று உயிர்ப் பிரச்னையே வருகிறது. 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் கண்டுபிடித்த அபூர்வமான 'பாம்பே குரூப்' ரத்தத்தில் அடிப்படையான இன்னொரு சர்க்கரை மணியே விட்டுப்போயிருக்கிறது. அவர்களுக்கு 'ஓ' குரூப் ரத்தம்கூடச் சேராது.

பப்பாளிப் பாலும் நோபல் பரிசும்

நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்காக உடம்பு தயாரிக்கிற புரதம்தான் ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டுக்கொண்டால் உண்டாவதும் இதுதான். ஆங்கில 'ஒய்' எழுத்தைப்போல, விறகு பொறுக்கப் போனால் கிடைக்குமே கவைக்குச்சி, அந்த வடிவம். இரண்டு கைகளால் கிருமியைப் பிடிக்கும். கால் பக்கத்தால், "இதோ பிடித்துவிட்டேன், வாருங்கள்" என்று உடம்பின் மற்ற காவல்காரர்களைக் கூப்பிடும்.

இந்த வடிவத்தைக் கண்டுபிடித்ததில் நம் கொல்லைப் பப்பாளிக்கும் பங்கு இருக்கிறது. கறி சீக்கிரம் வேக வேண்டுமென்றால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அந்தப் பாலில் பாப்பெயின் என்ற என்சைம் இருக்கிறது. புரதத்தை வெட்டும். இங்கிலாந்தில் ராட்னி போர்ட்டர் என்ற விஞ்ஞானி 1950-களின் கடைசியில் இந்தப் பாப்பெயினைக் கொண்டு ஆன்டிபாடியை வெட்டிப் பார்த்தார். கண்டபடி நொறுங்காமல் அழகாக மூன்று துண்டாக வந்தது. இரண்டு கை, ஒரு கால்! அமெரிக்காவின் ஜெரால்டு எடல்மனும் அவரும் 1972-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளில் முக்கால் பங்கு 'ஐ.ஜி.ஜி.' என்ற வகை. ஒரு லிட்டர் சீரத்தில் ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதும் இந்த வகைதான். கர்ப்ப காலத்தில் ரண ஜன்னி ஊசி போடுகிறார்களே, அந்த ஊசியால் தாய்க்கு உண்டாகிற ஐ.ஜி.ஜி. குழந்தைக்கும் போய்ச் சேருவதால்தான் பச்சைக் குழந்தை ஜன்னி வராமல் தப்பிக்கிறது. 2015-ல் நம் நாட்டில் அந்த நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு காலத்தில் அது எத்தனை தொட்டில்களைக் காலியாக்கியது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஐ.ஜி.ஜி.யின் கால் பகுதியில், உள்ளே இடுக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அடியில் ஒரு தண்டு, மேலே இரண்டு கிளை. கிளையின் நுனியில் காலக்டோஸ் என்ற மணி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு கிளையிலும் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம், இரண்டிலுமே இல்லாமல் மொட்டையாக இருக்கலாம். காலக்டோஸுக்கும் மேலே சில சங்கிலிகளில் சயாலிக் அமிலம் என்று இன்னொரு மணியும் உட்கார்ந்திருக்கும். பாலில் இருக்கிற லாக்டோஸ் தெரியுமல்லவா? அதில் பாதி குளுக்கோஸ், பாதி காலக்டோஸ். அதே காலக்டோஸ்தான் இங்கேயும்.

புதுக் கப்பிலேயே மெருகு குறைச்சல்

எங்கள் ஊரில் பீங்கான் வேலை பிரசித்தம். பொம்மை, அகல்விளக்கு, கரண்டு ஃப்யூஸ் என்று எத்தனையோ செய்கிறார்கள். களிமண்ணில் உருவம் செய்து காயவைத்து, ஒரு தடவை சுட்டு, பிறகு கிளேஸ் முக்கி மறுபடியும் சூளையில் வைப்பார்கள். அந்த மெருகுதான் பண்டத்தைப் பண்டமாக்குவது. மெருகு இல்லாத கப்பில் காப்பி ஊற்றினால் கப்பே குடித்துவிடும்! ஆன்டிபாடிக்குச் சர்க்கரை அந்தக் கிளேஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையை அடியோடு எடுத்துவிட்டால் அந்தக் கால் பகுதி நெகிழ்ந்து, மற்றக் காவல்காரர்களைக் கூப்பிடும் சக்தியே போய்விடும்.

வயதானால் இந்த நுனி காலக்டோஸ் குறைகிறது. "அப்போ வருஷக்கணக்காப் புழங்கின கப்புல மெருகு தேயற மாதிரியா?" என்று கேட்டேன். இல்லையாம். அந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம். ஒரு ஐ.ஜி.ஜி. ரத்தத்தில் இருக்கிற அளவு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். எண்பது வயதுப் பாட்டியின் ஆன்டிபாடிக்கும் வயது சில வாரம்தான். பழசு தேயவில்லை, சூளையிலிருந்து வருகிற புதுசே மெருகு குறைந்து வருகிறது. அதைத் தயாரிக்கிற செல்கள் காலக்டோஸ் மணியைத் தைக்காமலேயே அனுப்புவது வயதாக ஆக அதிகமாகிறது. தேய்ந்துபோன கப்பைத் திரும்பப் புதிதாக்க முடியாது. சூளையைச் சரிபண்ணினால் அடுத்த ஈடு நன்றாக வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிறது.

1985-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்களும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முடக்குவாதம், அதாவது ருமாடாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களின் ஐ.ஜி.ஜி.யில் இந்த மொட்டைச் சங்கிலிகள் மிக அதிகம். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் பாரேக். நம் நாட்டுப் பெயர். அவர்களே 1988-ல் ஆரோக்கியமானவர்களை வயதுவாரியாகப் பார்த்தபோது, மொட்டைச் சங்கிலிகள் குழந்தைப் பருவத்திலிருந்து குறைந்துகொண்டே வந்து, 25 வயது வாக்கில் மிகக் குறைவாகி, பிறகு வயது ஏற ஏறக் கூடுவதாகத் தெரிந்தது.

2014-ல் இதை வைத்து வயதையே கணக்கிட்டுவிட்டார்கள். குரோஷியா நாட்டின் ஜாக்ரெப் நகரில் கோர்டன் லவுட்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, குரோஷியாவின் விஸ், கொர்ச்சுலா தீவுகள், ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள், பிரிட்டனின் இரட்டையர்கள் என்று 5,117 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. மனிதருக்கு மனிதர் உள்ள வயது வித்தியாசத்தில் 58 சதவீதம் வரை இந்தச் சர்க்கரைகளைக் கொண்டே விளக்க முடிந்ததாம். மீதியில்தான் சுவாரஸ்யம். ஐம்பது வயதுக்காரிக்கு ரத்தம் நாற்பது சொல்லலாம், அறுபதும் சொல்லலாம்.

அக்காவின் கை

என் பெரியக்காவைப் பெண்ணாடத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷத்திற்குள் விரல் முட்டிகள் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. குடத்தை இடுப்பில் வைக்க முடியாது. முதல் பிள்ளை உண்டாகி மூன்று நான்கு மாதம் ஆனதும் வலி போன இடம் தெரியவில்லை. மாவாட்டினாள், கட்டில் கயிறு பின்னினாள், ஓடியாடி வேலை செய்தாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் பழையபடி விரல் முட்டிகள் வீங்கிவிட்டன.

"புள்ளத்தாச்சியா இருந்தப்ப ஓடியாடினவளுக்கு இப்ப மட்டும் கை மடங்கலையா? வேலைக்குப் பயந்த வலி!" என்று மாமியார் தெருக்கேட்கச் சொன்னார். மாமியாரை மட்டும் சொல்வானேன், எங்கள் அம்மாவே பாதி நம்பினார். அக்கா பதில் பேசவில்லை. ராத்திரி பிள்ளைக்கு அரணாக்கயிறு முடிச்சுப் போட முடியாமல் பல்லால் கடித்து இழுப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அது நடிப்பு இல்லை என்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் அதற்கு முன்பே சாட்சி இருந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ஹெஞ்ச், கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் தணிவதை 1938-லேயே எழுதினார். அப்படித் தணிக்கிற ஏதோ ஒரு பொருள் உடம்பிலேயே சுரக்கிறது என்று தேடிக்கொண்டு போனவர்தான், கார்ட்டிசோன் மருந்துக்காக 1950-ல் வேறு இருவரோடு நோபல் பரிசு வாங்கினார்.

சர்க்கரைக் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. கர்ப்ப காலத்தில் பெண்ணின் ஐ.ஜி.ஜி.யில் காலக்டோஸ் ஏறுகிறது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் இறங்கிவிடுகிறது. 2009-ல் நெதர்லாந்தில் முடக்குவாதமுள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். காலக்டோஸ் ஏறினபோது வலி தணிந்தது. இறங்கினபோது பலருக்கு வலி திரும்பியது. சர்க்கரை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. கர்ப்பத்தில் ஹார்மோன்களும் எத்தனையோ மாறுகின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தணிவதுமில்லை. பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட நல்ல குணம் தெரிகிறது. ஆனால் ரத்தத்தில் அளந்து காட்டக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது. "வேலைக்குப் பயந்த வலி" என்ற பேச்சுக்கு இது போதும்.

காலக்டோஸும் சயாலிக் அமிலமும் நிறைந்த ஆன்டிபாடி சாந்த குணம் உள்ளது. அழற்சியை அமர்த்தும். 2006-ல் நியூயார்க்கில் ராவெட்ச் என்பவரின் குழு சயாலிக் அமிலத்தின் இந்தக் குணத்தை எடுத்துக் காட்டியது. மொட்டைச் சங்கிலி உள்ளதோ சண்டைக்காரி. சின்ன விஷயத்துக்கும் ஊரைக் கூட்டும். அழற்சி அதிகமானால் மொட்டைச் சங்கிலிகள் இன்னும் கூடும், அவை கூடினால் அழற்சி இன்னும் கூடும். முடக்குவாதத்துக்கு 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று பரிசோதனை செய்கிறார்களே, அதில் தேடுவதே நம் ஐ.ஜி.ஜி.யின் காலைப் போய்ப் பிடித்துக்கொள்கிற இன்னொரு ஆன்டிபாடியைத்தான். வேலிக்கு எதிராக வேலி!

நாற்பத்தைந்து வயதில்

இளம் வயதில் பெண்ணின் ரத்தம் அதே வயது ஆணின் ரத்தத்தைவிட இளமையாகவே இருக்கிறது. மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் அந்த லாபம் சட்டென்று கரைந்துவிடுகிறது. ஆணுக்கு மெல்ல மெல்ல இறங்குகிற காலக்டோஸ், பெண்ணுக்கு அந்த ஐந்தாறு வருஷத்தில் படி தவறினாற்போல இறங்குகிறது. நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அந்த வயதில் முட்டி வலி, உடம்பு உளைச்சல் என்று நாம் சொன்னால், "உனக்கு எப்பப் பாரு ஒரு வலி" என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வெட்ட வெளிச்சமாக்கியது. ஆரோக்கியமான 36 இளம் பெண்களுக்கு மருந்து கொடுத்து, சினைப்பை ஹார்மோன்களை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தோல் மேல் ஒட்டுகிற பட்டையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற 21 பேருக்கு வெறும் பட்டை. ஆறு மாதத்தில் அந்த 21 பேரின் 'ரத்த வயது' நடுத்தரமாக 9.1 வருஷம் ஏறிவிட்டது! ஈஸ்ட்ரோஜன் கிடைத்தவர்களுக்கு ஏறவேயில்லை. மருந்தை நிறுத்தி நான்கு மாதத்தில் எல்லோருக்கும் பழைய நிலை திரும்பியது. சூளையைச் சரிபண்ணினால் அடுத்த ஈடு நன்றாக வரும் என்றேனே, அது இதுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். சிலருக்கு அது மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி போன்ற ஆபத்துகளைக் கூட்டும். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்றெல்லாம் கேட்டு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு இதில் உறைத்தது வேறு விஷயம். அந்த 21 பேருக்கு நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. சினைப்பையையே அறுத்து எடுத்துவிட்டால்? நம் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுக்காரிக்குப் பெரும்பாடு என்றால், "ரெண்டு புள்ளை ஆச்சே, எடுத்துப் போட்டுடலாம்" என்று கர்ப்பப்பையை எடுத்துவிடுவது சகஜமாகிவிட்டது. 2015-16-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 100-க்கு 3 பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள். கர்ப்பப்பை வேறு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற சினைப்பைகள் வேறு. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பையில். எங்கள் தெருவில் நாலு பேரைக் கேட்டேன். தங்களுக்குச் சினைப்பை இருக்கிறதா, அதையும் எடுத்துவிட்டார்களா என்று மூன்று பேருக்குத் தெரியவில்லை! டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப் படித்துத்தான் ஒருத்திக்குச் சொன்னேன். அவளுக்கு இரண்டுமே இல்லை. வயது முப்பத்தெட்டு.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும். ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலோ வேறு சிகிச்சையிலோ ரத்தப்போக்கை நிறுத்த வழி உண்டா? கட்டாயம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் சினைப்பையை விட்டுவைக்கலாமா? அதையும் எடுத்தால் எலும்புக்கும் இருதயத்துக்கும் என்ன பாதுகாப்பு? புற்றுநோய் போன்ற காரணமிருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் தயங்கக் கூடாது. காரணத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பலாக்கொட்டையின் கெட்டிக்காரத்தனம்

இத்தனை சின்னச் சர்க்கரை மணியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டபோது நாத்தனார் மகள் சிரித்தாள். "உங்க அடுப்படியில இருக்கற சாமான வச்சுத்தான் அத்தை!"

விதைகளில் லெக்டின் என்று ஒரு வகைப் புரதம் உண்டு. குறிப்பிட்ட சர்க்கரையைக் கண்டால் பூட்டும் சாவியுமாகப் பிடித்துக்கொள்ளும். ஆமணக்கு விதையிலுள்ள ஒரு லெக்டின் நுனி காலக்டோஸைப் பிடிக்கும், ஐ.ஜி.ஜி.யில் காலக்டோஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். (ஆமணக்கு விதையிலேயே ரிசின் என்ற கொடிய விஷமும் இருக்கிறது. குழந்தைகள் கையில் சிக்காமல் பாருங்கள்.) பக்கத்துப் பண்ருட்டிப் பலாவின் கொட்டையில் இருக்கிற ஜாகலின் என்ற லெக்டின், எச்சிலிலும் தாய்ப்பாலிலும் உள்ள 'ஐ.ஜி.ஏ.' ஆன்டிபாடியின் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கவே பலாக்கொட்டைப் புரதத்தை உபயோகிக்கிறார்கள். வேர்க்கடலையிலும் காலக்டோஸைத் தேடிப் பிடிக்கும் லெக்டின் உண்டு. விருத்தாசலம் ஆராய்ச்சிப் பண்ணையில் வந்த 'வி.ஆர்.ஐ.' ரகக் கடலையை எத்தனை மூட்டை உரித்திருக்கிறேன், அதற்குள் இப்படி ஒரு வித்தை இருப்பது தெரியாமல்! கடலை லெக்டினின் வடிவத்தை 1994-லும் ஜாகலினின் வடிவத்தை 1996-லும் அணு அணுவாக வரைந்து காட்டியவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எம். விஜயன் குழுவினர்.

லெக்டின் என்றதும் கடலையையும் பலாக்கொட்டையையும் ஒதுக்க வேண்டாம். நன்றாக வேகவைத்தால் அதன் வீரியம் போய்விடும். ராஜ்மா பீன்ஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதித்து மசிய வேகவிட வேண்டும். அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தி, பேதி நிச்சயம்.

இந்தச் சர்க்கரைச் சாஸ்திரத்துக்கு உலகத்தில் முக்கியமான பாடப் புத்தகத்தைத் தொகுத்தவர்களில் முதல்வர் அஜித் வார்க்கி. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பேராசிரியராகப் பணியாற்றியவர். மனிதக் குரங்கு இனங்களில் இருக்கிற ஒரு சயாலிக் அமிலம் மனிதனிடத்தில் மட்டும் இல்லாமல் போய்விட்டது என்று 1998-ல் காட்டியது இவர் குழுதான். நம் வேலூர் என்பதால் சொன்னேன்.

பால் குடித்தால் போதுமா?

எனக்கும் முதலில் தோன்றியது இதுதான். பாலில் காலக்டோஸ் இருக்கிறதே, இரண்டு தம்ளர் கூடக் குடித்தால் ரத்தம் இளமையாகிவிடாதா? ஆகாது. குளுக்கோஸிலிருந்தே உடம்பு வேண்டிய காலக்டோஸைச் செய்துகொள்ளும். பண்டசாலையில் மணிக்குக் குறைவில்லை; தைக்கிற இடத்தில்தான் வேலை குறைகிறது. பால் எலும்புக்கு நல்லது, அதற்காகக் குடியுங்கள்.

மாற்றிக் காட்டியது என்று பார்த்தால் உடல் எடைதான். எடை ஏறினால் ரத்த வயது ஏறுகிறது. பருமனாக இருந்து எடையைக் குறைத்தவர்களுக்குக் காலக்டோஸ் ஏறி, ரத்தம் இளமைப் பக்கம் திரும்பியதை 2021-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. புகைபிடிப்பவர்களுக்கு ரத்தம் முதிர்ந்தே காணப்படுகிறது. வீட்டில் பீடி சிகரெட் பிடிக்கிற ஆண்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இந்தப் பரிசோதனையைக் காசுக்குச் செய்து கொடுக்கிறார்கள். எனக்கென்னவோ அது நமக்கு வேண்டாத செலவு என்றே படுகிறது. எண் தெரிந்தாலும் செய்ய வேண்டியது அதேதான்: எடையைப் பார்த்துக்கொள்வது, நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது.

செலவு செய்ய வேண்டிய இடம் வேறே இருக்கிறது. இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கி, காலையில் எழுந்தால் அரை மணிக்கு மேல் விறைப்பு விடாமல், அது ஆறு வாரத்துக்கு நீடித்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி-சி.சி.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுப்பார். சீக்கிரம் கண்டுபிடித்தால் விரல் கோணாமல் காப்பாற்ற இன்றைக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் இந்த மாதிரி நோய்களைப் பார்க்கவே தனித் துறை உண்டு. அக்கா அங்கே போகத் தொடங்கியது நாற்பது வயதுக்கு மேல். கோணிப்போன இரண்டு விரல் கோணினதுதான். மற்ற எட்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

இளம் பெண்களுக்கு ஒன்று. முடக்குவாதத்துக்கு அதிகமாகக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது, பால் கொடுக்கும்போதும் ஆகாது. குழந்தை வேண்டுமென்று நினைத்தால் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தில் வலி தணிந்தாலும் டாக்டரைப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். பிரசவமான மூன்றாம் மாதம் வலி திரும்பலாம் என்று மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி, குழந்தையைத் தூக்க, குளிப்பாட்ட ஒரு கை கூட இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.